இழுப்பு

கருங்கல்
9 ஜூன் 2025

திரு. ஃப்ரெடி அவர்களுக்கு,

இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சின்னப்பிள்ளை எழுதியது என்று நினைக்க வேண்டாம். இடது கையால் எழுதுகிறேன். வலது கை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். மூன்று விரல்களின் எலும்பு நொறுங்கி, இரண்டு ஆபரேஷன் முடிந்து, தெற்கே ஊரில் அம்மா வீட்டில் கிடக்கிறேன். சுண்டுவிரல் மட்டும் மடங்குகிறது. பிரசவம் பார்க்கிற டாக்டருக்கு அது போதாது.

உங்களை நலம் விசாரிக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஒரு கையெழுத்து வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

இணையத்தில் எங்களுக்கு ஒரு பொது நூலகம் உண்டு. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், லேப்காரர், பிசியோ, ஆம்புலன்ஸ் ஊழியர் எல்லாரும் தாங்கள் பார்த்த நோயாளிகளைப் பற்றி, செய்த தவறுகளைப் பற்றி, அதில் எழுதி ஏற்றுவோம். ஒருவர் வேலையை இன்னொருவர் படித்துத் தெரிந்துகொள்வதற்காக. நீங்களும் ஆம்புலன்ஸ் வைத்திருந்தவர். தண்டையார்பேட்டையில் நடந்த பயிற்சியில் உங்களுக்கும் அதைத் திறந்து காட்டியிருப்பார்கள்.

ஜனவரி 21 அன்று பிற்பகல் உங்கள் மனைவி மெர்லின் எங்கள் கல்மண்டபம் மருத்துவமனையில் இறந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன். சுருக்கம் இது: எட்டு மாதக் கர்ப்பிணி. ஆம்புலன்ஸில் வந்த கணவர், மூச்சிழுப்பு என்று போனில் தவறான தகவல் தந்தார். அதை நம்பி மருத்துவர் வழி சொன்னார். வந்து சேர்ந்தபோது வலிப்பு முற்றியிருந்தது. குழந்தை பிழைத்தது, தாய் இறந்தார். பிறகு அந்தக் கணவர் மருத்துவரை இரும்பால் தாக்கினார்.

குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் எதையும் ஏற்றக்கூடாது என்பது நூலகத்தின் விதி. அந்தக் குடும்பம் சட்டப்படி நீங்கள்தான் என்பது எனக்குக் கசக்கிறது. கசந்தாலும் கேட்கிறேன். கடைசி வரியின் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

டாக்டர் ஷிஜி

*

சிறை, விசாரணைக் கைதிகள் பிளாக்
20 ஜூன் 2025

டாக்டரே,

உன் பக்கத்தைக் கிழித்துக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். கையெழுத்து வேணுமா உனக்கு? யார்கிட்ட வந்து இன்னா கேக்குற நீ?

ராசையா அண்ணன், "எழுத்துத் தமிழ்ல எழுதுலே, கோவம்னாலும் ஒரு மரியாத வேணும்லா" என்கிறார். என்னோடு செல்லில் இருப்பவர். தூத்துக்குடிப் பக்கம். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்து, கடை வாசலில் ஒருத்தனைக் கத்தியால் குத்திவிட்டு உள்ளே வந்தவர். அவர் சொல்வதால் எழுத்துத் தமிழில் எழுதுகிறேன். மரியாதை அவருக்குத்தான், உனக்கு இல்லை. இந்தக் கடிதம் சிறை வழியாக வராது. என் மாமியார் சிலுவையம்மாள் மனுப் போட்டு என்னைப் பார்க்க வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நான் எப்போது மூச்சு என்று சொன்னேன்? எப்போது சொன்னேன்?

எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியிலிருந்து அவளைப் போர்வையில் கட்டி இறக்கினோம், நானும் என்னோடு வண்டி ஓட்டுகிற நசீரும். நசீர் வண்டியை எடுத்தான். நான் பின்னால் அவளோடு ஏறி உன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் சில்வியா எடுத்து உன் காதில் வைத்தாள். நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன், படி.

"மேடம், என் வொய்ஃபுக்கு இஸ்துகிச்சு மேடம். இஸ்துகினே கீது. எட்டு மாசம். இன்னா பண்றது?"

"முன்னாடி இருந்திருக்கா?" என்று கேட்டாய்.

"சின்ன வயசுல இருந்துச்சாம் மேடம்."

"நிமிர்த்தி உட்கார வை. ஆக்சிஜன் வை, நெபுலைசர் போடு. எங்கயும் நிறுத்தாம நேரா இங்க கொண்டு வா" என்றாய். வைத்துவிட்டாய்.

நீ சொன்னபடி உட்கார வைத்தேன். என் மார்பில் அவள் முதுகைச் சாய்த்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தேன். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையாக நின்றது. ஐம்பது நிமிஷம். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாஸ்க்குக்குள் ரத்தமும் நுரையும். வாந்தி வந்து உள்ளேயே போனது. மறுபடி போன் போட்டேன். "டாக்டர் தியேட்டர்ல இருக்காங்க, சொன்னபடி செய்யுங்க" என்றாள் நர்ஸ். சொன்னபடி செய்தேன். அவள் தலை என் தாடையில் வந்து வந்து இடித்தது. என் பல்லில் ரத்தம் வந்தது.

அப்புறம் நீ வெளியே வந்தாய். குழந்தை இருக்கு, அம்மா இல்லை என்றாய். அதோடு உள்ளே போயிருந்தால் இன்றைக்கு உன் கை உன்கிட்ட இருக்கும். நின்று என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டாய்: "ஃபிட்ஸுன்னு போன்லயே சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பேன். ஏன் சொல்லல?"

பத்து தபா சொன்னேனே! கத்திக் கத்திச் சொன்னேனே!

ஆயுதத்தோடு வந்தான் என்று போலீஸ் எழுதியிருக்கிறது. அதனால்தான் கொலை முயற்சி கேஸ், அதனால்தான் இரண்டு தடவை ஜாமீன் தள்ளுபடி. அது ஆயுதம் இல்லை. ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கிற இரும்புச் சாவி. வண்டியில் மெர்லின் கையில் நான் வைத்த சாவி. உன் நர்ஸ் அவள் விரலைப் பிரித்து அதை எடுத்து, வெளியே வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மெர்லின் கைச் சூடு அதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அங்கே நின்றிருந்தேன்.

இந்தப் பொய்யை ஏத்திடு பார்ப்போம். இன்னொரு கை கீது உனக்கு.

ஃப்ரெடி

*

கருங்கல்
2 ஜூலை 2025

ஃப்ரெடி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் போலீஸில் கொடுத்தால் உங்களுக்கு இன்னொரு கேஸ் விழும். என் தம்பி பெனிட்டோ, "குடு, கொண்டு போய்க் குடு" என்று மூன்று நாளாகக் குதிக்கிறான். கொடுக்கவில்லை. பயந்து அல்ல. இந்த ஐந்து மாதத்தில் உண்மையாக யாரும் என்னைத் திட்டவில்லை, எல்லாரும் பாவம் பாவம் என்றுதான் சொன்னார்கள். அது எனக்கு அலுத்துவிட்டது.

நீங்கள் பார்த்ததை நீங்கள் எழுதினீர்கள். நான் பார்த்ததை நான் எழுதுகிறேன். முதல் அடி என் தலைக்கு வந்தது. கையைத் தூக்கித் தடுத்தேன். எலும்பு உடைகிற சத்தம் வெளியே கேட்காது, உள்ளே கேட்கும். இரண்டாவது அடி அதே கையில். விழுந்தேன். தரையில் ஊன்றியிருந்த கையின் மேல் மூன்றாவது. நான்காவது நெற்றியில். ஏழு தையல். சில்வியா உங்கள் முடியைப் பிடித்து இழுத்தாள், நீங்கள் அவளைச் சுவரில் தள்ளினீர்கள். அவள் காது கிழிந்தது. இவ்வளவும், உங்கள் குழந்தையை எடுத்த கையில் அந்த ரத்தம் காயும் முன்பு. அந்தக் கையைத்தான் உடைத்தீர்கள் என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

பொய் எழுதினேன் என்கிறீர்கள். எங்கே பொய்? இஸ்துகினு கீது என்றால் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆறு வருஷம் வடசென்னையில் வேலை பார்த்தவளுக்கு அதுகூடத் தெரியாதா? இழுப்பு என்று நீங்கள் சொன்னீர்கள், இழுப்புக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை நான் சொன்னேன். எந்த ஊரிலும் இழுப்பு என்றால் இழுப்புதானே?

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. சாவி. சில்வியாவிடம் போனில் கேட்டேன், உண்மைதான் என்கிறாள். விரல்களைப் பிரிக்க முடியாமல் இரண்டு பேர் பிரித்தார்களாம். மூச்சு முட்டுகிறவள் கையில் எதற்குச் சாவி வைத்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

ஷிஜி

*

சிறை
15 ஜூலை 2025

டாக்டர்,

சாவியைக் கேட்டாய். எங்கள் பக்கம் யாருக்காவது கைகால் இஸ்துகிச்சு என்றால் முதலில் இரும்பைத் தேடுவோம். சாவியோ கரண்டியோ, எது கிடைத்தாலும் கையில் திணிப்போம். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று உங்கள் நூலகத்திலேயே படம் போட்டுக் காட்டியிருக்கிறது. பார்த்திருக்கிறேன். ஆனாலும் வைத்தேன். பொண்டாட்டி கண்ணு மேலே சொருகும்போது எவன் படத்தை நினைப்பான்?

உன் கடிதத்தை ராசையா அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். எந்த ஊரிலும் இழுப்பு என்றால் இழுப்புதானே என்ற வரி வந்ததும் அவர் தலையை ஆட்டினார். "சரிதானடே. இழுப்புன்னா மூச்சு இழுப்புதான். எனக்கே உண்டுலா, சின்ன வயசுலேர்ந்து."

"கைகால் இஸ்துக்கிறதுக்கு இன்னா சொல்லுவீங்கோ?"

"அது வலிப்புலே. இழுப்புன்னா எவன் சொல்லுவான்?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவர் கழுத்தைப் பிடித்துவிட்டேன். தலையைச் சுவரில் இரண்டு தடவை மோதினேன். ஐம்பத்தெட்டு வயசு ஆள். நாலு பேர் என்னைப் பிய்த்து எடுத்தார்கள். வார்டர் லத்தியால் முட்டியில் போட்டார். ஆறு நாள் தனிச் செல். நேற்றுதான் வெளியே விட்டார்கள், அதனால்தான் தாமதம். கழுத்தை நெரிக்கும்போது அது உன் கழுத்து என்று நினைத்துத்தான் நெரித்தேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அவர் கழுத்தில் என் விரல் பதிந்த தடம் இன்னும் கருப்பாக இருக்கிறது. திரும்பி வந்தவனைப் பார்த்து, "சோறு தின்னியாலே?" என்று கேட்டார். நான் பாய்க்குள் மூஞ்சியை வைத்து அழுதேன்.

தனிச் செல்லில் வேறு வேலை இல்லை. யோசித்தேன்.

வண்டியில் எத்தனையோ ஃபிட்ஸ் கேஸ் ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் போனில், "ஃபிட்ஸ் கேஸ் மேடம்" என்றுதான் சொல்லுவேன். மெர்லினுக்கு வந்தபோது அது வாயில் வரவில்லை. வூட்ல எங்கம்மா பேசுற பேச்சுதான் வந்தது. அவள் கேஸ் இல்லையே, என் பொண்டாட்டியாச்சே.

இன்னொன்றும் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதது. வலிப்பு வந்தவரை உட்கார வைக்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்கள் நூலகத்தில் எல்லாமே இங்கிலீஷ், எனக்குப் புரிந்தது படம் போட்ட அந்த ஒரே பாடம்தான். நீ உட்கார வை என்றதும், இது தப்பாச்சே என்று மனசில் பட்டது. டாக்டர் சொல்கிறார், எட்டு மாசம், கர்ப்பிணிக்கு வேற மாதிரி போலிருக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு டிரைவர் டாக்டரை எப்படிக் கேட்பது? ஐம்பது நிமிஷமும் தப்பு தப்பு என்று மனசு அடித்துக்கொண்டது. இறுக்கிப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்போ நான் கொன்னேனா, நீ கொன்னியா? பதில் எழுது. டாக்டர் மாதிரி எழுதாதே.

ஃப்ரெடி

*

கருங்கல்
24 ஜூலை 2025

ஃப்ரெடி,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அடுக்களையில் போய், தம்பிக்குச் சின்ன வயதில் இருந்த நோயைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, பெனிட்டோவுக்கு என்ன சூக்கேடு இருந்தது?" அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "இழுப்புல்லா?" என்றாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து வயதிலிருந்து அவனுக்கு இழுப்பு, மூச்சு முட்டும். வந்தால் அம்மா அவனை நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவுவாள். "நிமுத்தி இருத்து பிள்ளே" என்று என்னைப் பார்த்துக் கத்துவாள், நான் பின்னால் அணை கொடுத்து உட்காருவேன். அன்றைக்கு என் காதில் நீங்கள் இஸ்துகிச்சு என்றதும், என் வாய் அதைத்தான் சொன்னது. அது டாக்டர் சொன்னது இல்லை. கருங்கல்காரி சொன்னது. சின்ன வயதில் இருந்தது என்று நீங்கள் சொன்னது அதை இன்னும் உறுதியாக்கிவிட்டது. குழந்தையிலிருந்தே மூச்சுத் தொந்தரவு என்று எடுத்துக்கொண்டேன்.

இஸ்து என்றால் இழுத்து என்று தெரியும் என்று பெருமையாக எழுதினேனே, வெட்கம். சொல் தெரிந்தது. எது இழுக்கிறது என்று கேட்கத் தெரியவில்லை. "மூச்சா, கைகாலா?" இரண்டே வார்த்தை. மூன்று நொடி. தியேட்டரில் இன்னொருத்தி வலியில் கிடந்தாள், அவசரம். வலிப்பு என்று தெரிந்திருந்தால், வழியில் எந்த ஆஸ்பத்திரி இருந்தாலும் நிறுத்தி முதல் ஊசியைப் போடு என்று சொல்லியிருப்பேன். ஒருக்களித்துப் படுக்க வை என்று சொல்லியிருப்பேன்.

யார் கொன்றது என்று கேட்டீர்கள். உங்கள் பங்கு உங்களுக்குத் தெரிகிறது, அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது. என் பங்கு பெரிது. கேட்க வேண்டியவள் நான். என்னைக் கேள்வி கேட்க ஒரு டிரைவர் பயந்தார் என்றால் அந்தப் பயமும் என்னைப் போன்றவர்கள் உண்டாக்கியதுதான். வெளியே வந்து, ஏன் சொல்லல என்று கேட்டேனே, அது கோபம் இல்லை. நான் எங்கேயோ தப்புச் செய்துவிட்டேன் என்று அந்த நிமிஷமே பயம் வந்துவிட்டது. அதை உங்கள் தலையில் போட்டேன்.

பழைய பக்கத்தை அழித்துவிட்டேன். புதிதாகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எர்ணாவூரில் இழுப்பு என்றால் என்ன, கருங்கலில் என்ன, நடுவில் ஐம்பது நிமிஷத்தில் என்ன நடந்தது என்று அதில் இருக்கிறது. போன் எடுக்கிறவர்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வண்டியில் இருப்பவர்கள், டாக்டரே சொன்னாலும் தப்பு என்று பட்டால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

ஆஸ்பத்திரி வக்கீல் இதைப் பார்த்துவிட்டு, ஏற்றினால் நாங்கள் உன் பின்னால் நிற்க மாட்டோம் என்கிறார். என் மருத்துவப் பதிவே பறிபோகலாமாம். போகட்டும் என்று சொல்ல நான் புனிதை இல்லை. இரண்டு நாள் அழுதேன். ஆனாலும் ஏற்றுவேன்.

சாவி எப்படி உங்கள் கைக்கு வந்தது என்பதைக் கோர்ட்டில் சொல்வேன். சில்வியாவும் சொல்வாள். நீங்கள் ஆயுதத்தோடு வரவில்லை. ஆனால் அடித்ததை மாற்றிச் சொல்ல மாட்டேன். நாலு அடி. நாலையும் சொல்வேன்.

கையெழுத்து வேண்டும்.

ஷிஜி

*

சிறை
6 ஆகஸ்ட் 2025

டாக்டரம்மா,

போட முடியாது.

வக்கீல் ஜெரி பக்கத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "டாக்டர் அலட்சியத்தால பொண்டாட்டி செத்தா, புத்தி பேதலிச்சு அடிச்சான், இதுதான் நம்ம கேஸ். உனக்கும் தெரியும், நீயும் வாயைத் திறக்கலன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அப்புறம் நான் எதுக்கு?" என்றார். அவர் சொல்வதிலும் தப்பு இல்லை.

போன வாரம் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனுப் பார்க்க வந்தார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம். மெர்லின் மூக்கு அப்படியே கீது. வலையில் நான் விரலை வைத்தேன், அது கையை நீட்டியது, எட்டவில்லை. அதை விட்டுவிட்டு நான் இங்கேயே கிடக்க வேண்டுமா? ஒரு பக்கம் பேப்பருக்காகவா?

அப்புறம் இன்னொன்று. பெண், வயது 26 என்று எழுதியிருக்கிறீர்கள். பேர் இல்லையா அவளுக்கு? ராயபுரத்தில் ஸ்கூல் முழுக்க அவள் பேர் தெரியும். த்ரோபால் கேப்டன்.

ஃப்ரெடி

*

கருங்கல்
14 ஆகஸ்ட் 2025

ஃப்ரெடி,

பேர் போடக்கூடாது, விதி. எனக்கும் அது பிடிக்கவில்லை.

கட்டாயப்படுத்த மாட்டேன். பக்கம் என் கணினியில் கிடக்கட்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் சாவியைப் பற்றிக் கோர்ட்டில் சொல்வேன். அது பேரம் இல்லை.

இரண்டு விரல் மடங்குகிறது இப்போது.

ஷிஜி

*

சிறை
30 ஆகஸ்ட் 2025

டாக்டரம்மா,

இந்தத் தடவை என் எழுத்தும் கோணலாக இருக்கும். இடது கண் இன்னும் திறக்கவில்லை. கீழ்த்தாடையில் இரண்டு பல் இல்லை. ராசையா அண்ணனும் பக்கத்தில் இல்லை, திருத்திக் கொடுக்க. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய் மத்தியானம், சோறு முடிந்து செல்லைப் பூட்டிய பிறகு, ராசையா அண்ணனுக்கு மூச்சு முட்டியது. மருந்து தீர்ந்து நாலு நாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். "இழுப்பு... இழுப்புலே..." என்று அவரே சொன்னார். பக்கத்து செல்காரன் வார்டரைக் கூப்பிட்டான். வார்டர் வியாசர்பாடிக்காரர், எங்கள் பேச்சுக்காரர். வாக்கி-டாக்கியில் சிறை ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம், "ஒருத்தனுக்கு இழுப்பு சார்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "ஒருக்களிச்சுப் படுக்க வை, கைகாலைப் புடிச்சுக்கோ, அடிபடாமப் பாத்துக்கோ, வரேன்" என்று பதில் வந்தது.

டாக்டரம்மா, அப்படியே தலைகீழாக அதே கதை.

கதவைத் திறந்து வார்டரோடு உள்ளே வந்த இரண்டு கைதிகள் அண்ணனைத் தரையில் சாய்த்துக் காலில் உட்கார்ந்துகொண்டார்கள். மூச்சு முட்டுகிற ஆளை அமுக்கிப் படுக்க வைத்தார்கள். அவர் எழுந்திருக்கத் துள்ளினார். துள்ளத் துள்ள, பார் பார் இஸ்துக்குது என்று இன்னும் அமுக்கினார்கள். வார்டர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி அவர் கையில் திணித்தார்.

அந்தச் சாவியைப் பார்த்ததும் நான் பாய்ந்துவிட்டேன். ஒருத்தனை உதைத்தேன், ஒருத்தன் மூக்கில் தலையால் முட்டினேன். "அது ஃபிட்ஸ் இல்ல சார், மூச்சு! வுடு! உக்கார வை!" கைதி தப்பிக்கப் பார்க்கிறான், சாவியைப் பிடுங்குகிறான் என்று வார்டர் நினைத்துவிட்டார். லத்தி விழுந்தது. முதுகில், தோளில். குனிந்துகொண்டே போய் அண்ணனைத் தூக்கி, அவர் முதுகை என் மார்பில் சாய்த்து, இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். அப்போது வாயில் விழுந்தது ஒன்று. பல் போனது. கண்ணில் ஒன்று. கையை எடுக்கவில்லை. அடிச்சுக்கோ, எத்தினி வேணா அடிச்சுக்கோ என்று கத்தினேன். அவர் தலை என் தாடையில் இடித்தது. அன்றைக்கு மெர்லின் தலை இடித்த அதே இடம்.

வாக்கி தரையில் கிடந்தது. அதை எட்டி எடுத்து, ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "சார், ஃபிட்ஸ் இல்ல. கைகால் இல்ல சார். மூச்சு. மூச்சு வுட முடியல. உதடு நீலமா கீது. உக்கார வெச்சுகினு கீறேன். படுக்க வெக்கச் சொன்னது தப்பு சார். நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க."

 ஒரு கைதி கம்பவுண்டரையே தப்பு என்று சொல்லிவிட்டான். வார்டர் லத்தியை ஓங்கிய கையோடு நின்றார்.

அப்புறம் கம்பவுண்டர் சொன்னார். "ஃபிட்ஸ் இல்ல. மூச்சுத் திணறல். உக்கார வெச்சிருக்க. நெபுலைசரும் ஆக்சிஜனும் எடுத்துட்டு ஓடி வரேன்."

வந்தார். அண்ணன் பிழைத்தார். இப்போது சிறை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நேற்றுப் போய்ப் பார்க்க விட்டார்கள். "ரெண்டு தடவ என்னப் புடிச்சிருக்கலே, ஒரு தடவ கொல்ல, ஒரு தடவ காக்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வண்டியில் எனக்கு இதே வாய் இருந்தது, கையில் போனும் இருந்தது. அடிக்க யாரும் இல்லை. தப்பு மேடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை நினைக்காமல் ஒரு நாளும் போகாது.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஜெரிக்குத் தெரியும், என் வக்காலத்தை விட்டுவிடுகிறேன் என்கிறார். விடட்டும். எர்ணாவூரில் இன்றைக்கும் யாராவது ஒருத்தன் பொண்டாட்டியைப் போர்வையில் போட்டு இறக்கிக்கொண்டு எவளோ ஒரு டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பான். பேர் போடக்கூடாது என்றால் வேண்டாம். அவள் கையில் சாவி இருந்தது என்று எழுதுங்கள். எங்கள் தெருவில் படிக்கிறவர்களுக்கு அது யார் என்று தெரியும்.

உங்கள் கையை உடைத்தது தப்பு. சில்வியா காதைக் கிழித்ததும் தப்பு. கோர்ட்டில் நாலு அடியையும் சொல்லுங்கள், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம்.

பக்கத்தை இன்றைக்கே ஏத்துங்க.

ஃப்ரெடி